சாலைப் பணமும் ஊரின் தேவையும்

ஒவ்வொரு சங்கத்தின் வரவு செலவுக் கணக்கிலும் வண்டிச் சத்தம் என்றோர் இனம் உண்டு. நூல் வரவழைத்த கூலி, துணி மூட்டை அனுப்பிய கூலி, விளைபொருளை மண்டியில் சேர்த்த கூலி யாவும் அதில் அடங்கும். நூல் விலையையும் உர விலையையும் துருவித் துருவி விசாரிக்கும் நம் அங்கத்தினர்கள், இவ்வினத்தை மட்டும் தலைவிதி என்று விட்டுவிடுகின்றனர். சாலை கெட்ட ஊரில் இது ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே செல்லும். ஆகவே, சாலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த அளவுகோலின்படி பங்கிடப்படுகிறது என்பதை நாம் அறிதல் அவசியம்.

சாலைக்கெனத் தனி நிதி நம் நாட்டில் 1929-இல் ஏற்பட்டது. ஜெயகர் குழுவின் யோசனையை ஒட்டி, பெட்ரோல் காலன் ஒன்றுக்கு 2 அணா வீதம் இதற்காக ஒதுக்கப்பட்டது. பின்னர் 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என வகுத்தனர். வகுத்தது நன்றே. ஆயின் நெடுஞ்சாலையின் பொறுப்பை மத்திய அரசாங்கம் ஏற்க, கிராமச் சாலை உள்ளூர் ஸ்தாபனங்களின் தலையில் விழுந்தது. வருவாய் குறைந்தவன் தோளில் நீளமான சுமை!

இந்நிலை 2000-ஆம் ஆண்டில் ஓரளவு மாறியது. அவ்வாண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம், டீசல் தீர்வையில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கு ஒதுக்கியது. வயலில் என்ஜின் ஓட்டும் உழவனும் அத்தீர்வையைச் செலுத்தியவனே என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு டிசம்பர் 25-இல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் தொடங்கியது. 2001 மக்கட்கணக்கின்படி சமவெளியில் 500 பேருக்குக் குறையாத குடியிருப்பு, மலை மாநிலங்களிலும் பாலைவனத்திலும் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேருக்குக் குறையாத குடியிருப்பு, ஒவ்வொன்றுக்கும் எக்காலத்துக்கும் ஏற்ற சாலை ஒன்று என்பது அதன் விதியாக இருந்தது.

இவ்விதியில் “ஒன்று” என்ற சொல்லை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 700 பேர் வாழும் நெசவாளர் குடியிருப்பு ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கிழக்கே பேருந்துச் சாலைக்குத் தார்ச்சாலை போட்டாயிற்று. அத்துடன் அக்குடியிருப்பு ஏட்டில் “இணைக்கப்பட்டது” ஆகிவிடும். ஆனால் சங்கத்தின் கிடங்கும் வாரச் சந்தையும் மேற்கே, ஓடைக்கு அப்பால் உள்ளன. ஐப்பசி மழையில் ஓடை பெருகினால் மூட்டை ஏற்றிய வண்டி ஊரைச் சுற்றியே செல்ல வேண்டும். அவ்வோடைக்கு வேண்டிய சிறு பாலம் தேசிய அளவுகோலின் கண்ணில் படாது. தலையை எண்ணும் அளவுகோல் மூட்டையை எண்ணுவதில்லை.

அவ்வாறாயின் பணத்தை அப்படியே ஊரார் கையில் கொடுத்துவிடலாமே என்பர் சிலர். நாம் அதற்கு உடன்படவில்லை. பெரிய மனிதரின் தோப்பு வரை தார் போட்டு, சேரியின் வாயிலில் சாலை நின்றுவிட்ட ஊர்களும் உண்டு. எண்ணிக்கையை அளவாகக் கொண்ட விதி செல்வாக்கைக் கேட்பதில்லை; வாய் பேச முடியாத குடியிருப்பும் அதனால் சாலை பெறுகிறது. விதி அடிப்படையைக் காக்கட்டும். அதன்மேல் எது முந்த வேண்டும், எங்கே பாலம் வேண்டும் என்பதை ஊர் சொல்லட்டும் என்பதே நம் கருத்து.

ஊர் சொல்லுவதற்கு இடமும் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. 500 மீட்டர் சுற்றளவிலுள்ள சிறு குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்துக் கணக்கிட விதி இடம் தருகிறது. மதிப்பீடு தயாரிக்கும் முன், பொறியாளர் ஊராட்சித் தலைவருடனும் ஊராருடனும் சாலை செல்லும் வழி நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். எங்கே நீர் தேங்கும், எங்கே மதகு வேண்டும் என்று கூறுவதற்கு அந்த நடையைவிடத் தக்க சமயம் இல்லை. நிலத்திற்கு மட்டும் திட்டத்தில் பணம் கிடையாது. அதற்கு மாநில அரசாங்கமே வழி செய்ய வேண்டும். வரப்போரம் இரண்டடி விடுவதற்கு ஒருவர் மறுத்தால் அங்கேயே வேலை நின்றுபோகும். இங்குச் சங்கத்தின் சொல்லுக்கு மதிப்புண்டு.

பராமரிப்பு இன்னும் கடினமானது. முதல் 5 ஆண்டு ஒப்பந்தக்காரர் பொறுப்பு. அதற்கான செலவு மாநிலத்தினுடையது. அதன்பின் மாநிலமும் ஊராட்சி அமைப்புகளுமே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சாலை போடும் செலவு முழுவதையும் மத்திய அரசாங்கமே ஏற்றது. 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60-க்கு 40 என்ற பங்கு வந்தது. தன் பணமும் கலந்திருக்கும்போது, தன் ஊர்களின் தேவையைக் கேட்டறியும் கடமை மாநிலத்திற்கு மிகுகிறது.

2019-இல் ஏற்கப்பட்ட மூன்றாம் கட்டத்தில் அளவுகோலே சற்று விரிந்தது. மக்கள்தொகையோடு விளைபொருட் சந்தை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கும் மதிப்பெண் அளிக்கப்பட்டது. உழவர் நெடுநாள் கூறிவந்த தேவை அதில் கணக்கில் ஏறியது. 2024-இல் அனுமதி பெற்ற நான்காம் கட்டமோ, 2011 மக்கட்கணக்கைக் கொண்டு, விடுபட்ட 25,000 குடியிருப்புகளை நோக்கி மீண்டும் தலை எண்ணத் தொடங்கியது. ஆகவே மேற்கே உள்ள ஓடைப் பாலம் போன்றவை ஊராட்சி ஒன்றியத்திடமும் மாநிலத்திடமும் கேட்டுப் பெற வேண்டியவையாகவே நிற்கின்றன.

அவ்வாறு கேட்கையில் “சாலை மோசம்” என்று மனு எழுதுவதில் பயனில்லை. சங்கத்தின் சரக்குப் பதிவேட்டிலிருந்து, ஓராண்டில் அவ்வழியே சென்ற நூல் மூட்டை எத்தனை, நெல் மூட்டை எத்தனை, மழையில் வண்டி வர மறுத்த நாட்கள் எத்தனை, சுற்றுவழியால் கூடிய வண்டிச் சத்தம் எவ்வளவு என்று எடுத்தெழுதி, பொதுக்குழுத் தீர்மானத்துடன் கிராம சபையில் வைக்க வேண்டும். இக்கணக்கை எடுக்கக் காரியதரிசிக்கு இரண்டு மாலைப் பொழுது போதும்.