சரக்கு அறிவோம்: பாத் டப்புக்கு அடித்தாங்கல்

சானிட்டரி சாமான் விற்கும் நம் வணிகர்களுக்கு பாத் டப் அன்றாடம் போகும் சரக்கு அல்ல. ஆனால் ஒன்று விற்றாலும், "டப் ஆடுகிறது, அடியில் கீறல் விட்டுவிட்டது" என்று புகார் நம் கடைக்குத்தான் வரும். சரக்கில் குறையில்லாமல், பொருத்தியதில் குறை இருந்தாலும் இப்படி நேரும்.

கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. தண்ணீர் 180 லிட்டர், ஆள் 70 கிலோ, டப் 30 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 280 கிலோ. வார்ப்பிரும்பு டப் விறைப்பானது. தன் கால்களிலேயே நிற்கும். அக்ரிலிக் டப்போ, பின்புறம் ஃபைபர் கிளாஸ் பூசியிருந்தாலும் வளைந்து கொடுக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் ஆள் இறங்கும்போதெல்லாம் அமுங்கி எழும். நாளடைவில் கழிவுக் குழாய் இணைப்பு தளரும். விளிம்பில் பூசிய சிலிக்கான் பிரியும். கடைசியில் அடிப்பாகம் கீறும். மாடி வீடானால், கசிவு கீழ்வீட்டுக் கூரையில்தான் முதலில் தெரியும்.

வாங்குபவரிடமும் பிளம்பரிடமும் சொல்ல வேண்டியவை:

1. பாரம் தரைக்கு இறங்க வேண்டும். சுற்றிக் கட்டிய செங்கல் சுவரில் விளிம்பை மட்டும் தொங்கவிடக் கூடாது.

2. கால்களோ சட்டமோ உடன் வந்தால் அவற்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். எல்லாக் கால்களும் தரையில் பதிய, ரசமட்டம் வைத்துத் திருகிச் சரிசெய்ய வேண்டும். நீர் வடியும் சாய்வு டப்பின் உள்ளேயே இருப்பதால் தனியாகச் சாய்க்க வேண்டாம்.

3. கலவைப் படுகை போடுவதைத் தயாரிப்பாளரின் குறிப்பு அனுமதித்தால், ஈரக் கலவையில் டப்பை அமர்த்தி, இறுகும்வரை அசைக்காமல் விட வேண்டும். வெறும் மணல் போதாது; ஈரம் பட்டால் இடம் பெயர்ந்துவிடும்.

4. பக்கச் சுவரை மூடுமுன் நீர் நிரப்பி, திறந்துவிட்டு, கசிவு பார்க்க வேண்டும். பிறகு மறுபடி நீர் நிரப்பிய நிலையிலேயே விளிம்பில் சிலிக்கான் பூசி, அது காய்ந்த பின்பே நீரை வெளியேற்ற வேண்டும்.

5. கழிவுக் குழாய்ப் பக்கம் திறந்து பார்க்க ஒரு சிறு கதவு விட வேண்டும்.

தயாரிப்பாளரின் குறிப்புகளை வாங்குபவரிடம் சேர்க்காமல் விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவரையும் பொறுப்பாக்க இடமுண்டு. பொருத்தும் முறை தவறினால் வாரண்டியும் மறுக்கப்படலாம். எனவே பெட்டியிலுள்ள குறிப்புத் தாளை எடுத்துக் கையில் கொடுங்கள். கொடுத்ததை பில்லில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பின்னால் வரும் வழக்கைத் தவிர்க்கும். வாடிக்கையாளரையும் நம் கடையிலேயே நிறுத்தும்.