சங்கத்திற்கு மடிக்கணினி: இரண்டில் எதைத் தெரிந்தெடுப்பது?

1904ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அக்காலச் சங்கங்களுக்குப் பேரேடும் மைக்கூடும் பணப்பெட்டியும் போதுமானவையாயிருந்தன. இன்று நிலைமை வேறு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022 ஜூன் 29இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், ஜி.எஸ்.டி. விவர அறிக்கை ஆகியவை கணினியின் வழியே நடைபெற வேண்டியுள்ளன. ஆகவே கணினி வாங்குவதும் சங்க நிர்வாகத்தில் ஒரு பாடமாகிவிட்டது. அப்பாடத்தை ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம்.

மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரு நெசவாளர் சங்கத்திற்கு அண்மையில் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் அச்சங்கத்தார் 4 ஜி.பி. ரேம் உள்ள ஒரு மடிக்கணினியை வாங்கியிருந்தனர். அதில் ரேமைக் கூட்ட வழியில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில், கூலிப் பட்டியல் போடும்போது அது அடிக்கடி நின்றுபோயிற்று. எழுத்தர் இரண்டு நாள் கையால் எழுதிப் பட்டியலை முடித்தார். கூலியும் இரண்டு நாள் தாமதமாயிற்று. பண்டிகைக்குச் சாமான் வாங்கக் கூலியை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களுக்கு அவ்விரண்டு நாள் எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மேலும், அதிலிருந்த விண்டோஸ் 10க்குரிய வழக்கமான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றது. புதிய கருவி வாங்க நிர்வாகக் குழு 50,000 ரூபாய் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

மேசைமீது இரண்டு விலைப்புள்ளிகள் இருந்தன. விலைகளை மட்டும் கணக்கிற்கு வசதியாகச் சற்றே மாற்றித் தருகிறோம்.

முதற் கருவி: ஏ.எம்.டி. ரைசன் 5 7520யு பிராசசர், 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வரியுடன் விலை ரூ. 44,840.

இரண்டாம் கருவி: ஏ.எம்.டி. ரைசன் 5 7530யு பிராசசர், 8 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வரியுடன் விலை ரூ. 47,200.

இரண்டிற்கும் திரை 15.6 அங்குலம், இரண்டிலும் விண்டோஸ் 11. "ஐயா, முதலாவது விலையும் குறைவு, ரேமும் இரட்டிப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் காரியதரிசி. குழுவில் இருந்த முதிய நெசவாளர் ஒருவர் குறுக்கிட்டார். "இரண்டு சேலைக்கும் கரை ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உடலில் போட்ட நூல் எந்த நம்பர் என்று எங்கே பார்ப்பது, அதைச் சொல்லுங்கள் ஐயா" என்றார். கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

பிராசசரின் எண்ணைப் படித்தல்

கணினியில் கணக்கிடும் உறுப்பு பிராசசர். மேற்கண்ட இரண்டின் பெயரும் 'ரைசன் 5' என்றே தொடங்குகிறது; எண்ணும் ஏழிலேயே தொடங்குகிறது. ஆயினும் இவ்வரிசையில் நான்கு இலக்கங்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. முதலிலக்கம் விற்பனைக்கு வந்த ஆண்டின் வரிசையையும், இரண்டாவது தரத்தையும், மூன்றாவது உள்ளமைப்பின் தலைமுறையையும் குறிக்கும். 7520இல் மூன்றாம் இலக்கம் 2. அது 2019இல் முதன்முதல் வெளிவந்த 'ஜென் 2' என்னும் அமைப்பு. 7530இல் அது 3. அது 2020இல் வெளிவந்த 'ஜென் 3' அமைப்பு. முன்னதற்கு 4 உட்கருக்களும் 8 இழைகளும் உண்டு. பின்னதற்கு 6 உட்கருக்களும் 12 இழைகளும் உண்டு. ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பகிர்ந்து செய்யும் ஆற்றல் இவற்றைப் பொறுத்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. அடிப்படை வேகம் என்ற இடத்தில் 7520யுவிற்கு 2.8 கிகாஹெர்ட்ஸ் என்றும், 7530யுவிற்கு 2.0 கிகாஹெர்ட்ஸ் என்றும் காணப்படும். இதைக்கொண்டு முதலாவதே வேகமானது என்று முடிவு செய்தல் தவறு. உச்ச வேகம் முறையே 4.3, 4.5 ஆகும். உட்கருக்களின் எண்ணிக்கையையும் தலைமுறையையும் சேர்த்துப் பார்க்கையில் இரண்டாவதே வலிமை மிக்கது. தனித்து நிற்கும் ஓர் எண்ணை நம்பிப் பொருள் வாங்கலாகாது.

ரேம்: இன்றைய வசதியும் நாளைய வழியும்

ரேம் என்பது வேலை நடக்கும்போது கணக்குகளைப் பரப்பி வைக்கும் மேசை போன்றது. கணக்கு மென்பொருள், ஜி.எஸ்.டி. இணையப் பக்கம், விரிதாள் ஆகியவற்றை ஒருங்கே திறந்து வைப்பவருக்கு 8 ஜி.பி. இடுக்கமானது, 16 ஜி.பி. தாராளமானது. இந்த அளவில் காரியதரிசி கூறியது சரியே.

ஆனால் 7520யு பிராசசருக்குரிய ரேம், தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. வாங்கிய அளவே இறுதிவரைக்கும் அளவு. 7530யு உள்ள கருவிகள் பலவற்றில் ரேம் செருகும் துளை உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே, "கூடுதல் ரேம் செருக இடம் உண்டா, எத்தனை ஜி.பி. வரை?" என்று விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும். மேலும், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. 'பிறகு மலிவாகச் சேர்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணியிராமல், அன்றைய ரேம் விலையையும் விலைப்புள்ளியிலேயே கேட்பது முறை.

இதிலிருந்து ஒரு பொது விதியைப் பெறுகிறோம்: பின்னர் மாற்றமுடியாத உறுப்பிற்கு முதலிடம் தருக, மாற்றக்கூடியதற்கு இரண்டாமிடம் தருக. பிராசசரும் பற்றவைத்த ரேமும் மாற்றமுடியாதவை. திரையை மாற்றுவதோ பெருஞ்செலவு. செருகும் ரேம், எஸ்.எஸ்.டி., மின்கலம் ஆகியவை மாற்றக்கூடியவை.

திரையும் சேலையின் நிறமும்

விலைப்புள்ளியில் திரையைப் பற்றி '45 சதவீத என்.டி.எஸ்.சி.' என்று கண்டால், அத்திரை நிறங்களை மங்கலாகக் காட்டும் என்று கொள்க. கணக்கு எழுதுவோருக்கு அதனால் குறையில்லை. ஆனால் சேலைகளின் படங்களை இணையத்தில் விற்பனைக்கு வைக்கும் சங்கத்திற்கு அது குறையே. திரையில் நிறம் மங்கியதாகத் தோன்ற, எழுத்தர் படத்தைத் திருத்திப் பளிச்சிடச் செய்வார். வாங்கியவர் சேலையைப் பிரித்துப் பார்த்து, நிறம் வேறென்று திருப்பி அனுப்புவார். அத்தகைய சங்கத்தார் 'எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம்' என்ற குறிப்புள்ள திரையை நாடுவது நலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

மடிக்கணினிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முதற் கருவியின் அடக்கவிலை 38,000 ரூபாய், வரி 6,840 ரூபாய். இரண்டாவதன் அடக்கவிலை 40,000 ரூபாய், வரி 7,200 ரூபாய். வரியுடன் வேறுபாடு 2,360 ரூபாய். ஐந்தாண்டு, அதாவது 60 மாதம் உழைக்கும் கருவிக்கு இது மாதம் ஏறக்குறைய 39 ரூபாய் ஆகிறது. துணி விற்பனைக்கு வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. செலுத்தும் சங்கம், தன் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் பொறித்த பட்டியலைப் பெற்றால், செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக வரவு எடுத்துக்கொள்ளலாம். காரியதரிசியின் சொந்தப் பெயரில் பட்டியல் வாங்கினால் அவ்வுரிமை போய்விடும். தணிக்கையிலும் தடை எழும்.

பழுதுபார்ப்பும் கடற்காற்றும்

தாம்பரத்திலுள்ள ஏற்றுமதி மண்டலத்தில் 2025 ஜனவரியில் மடிக்கணினி இணைக்கும் தொழிற்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆயினும் கருவி அருகில் உருவாவது வேறு. பழுது அருகில் நீங்குவது வேறு. உத்தரவாதக் காலத்தில் பணியாளர் சங்கத்திற்கே வந்து பழுது நீக்குவாரா, நாம் செங்கற்பட்டிற்கோ தாம்பரத்திற்கோ சுமந்து செல்ல வேண்டுமா என்பதைக் கேட்டறிக.

கடற்கரைச் சங்கங்களில் உப்புக்காற்று இணைப்புத் துளைகளை அரிக்கும். தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசு விசிறியின் வாயை அடைக்கும். கருவியைச் சன்னலோரத்திலும் தறியருகிலும் வையாதீர்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கலாகாது. அத்தகைய நாளில் மடிக்கணினியை மேட்டிடத்திற்கு எடுத்துச் செல்லலாம். எனினும் கணக்குகளின் நகலொன்றைத் தனி வட்டில் எழுதி வேறிடத்தில் வைத்திருப்பதே உறுதியான காப்பு.

முடிவு

அச்சங்கம் ஜக்கார்டு வடிவங்களையும் சேலைப் படங்களையும் கணினியில் தயாரிக்க எண்ணியிருந்தது. ரேம் செருக இடமுண்டென விற்பனையாளர் எழுதித் தந்தார். ஆகவே குழு இரண்டாம் கருவியை ஏற்றது. மிஞ்சிய 2,800 ரூபாயை ரேமுக்கென ஒதுக்கி, குறைவதை அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்தது. வரவுசெலவுக் கணக்கை மட்டுமே எழுதும் ஒரு விவசாயிகள் சங்கம், பின்னர் செலவிட வழியில்லாதிருப்பின், 16 ஜி.பி. உள்ள முதற் கருவியை வாங்குவதும் நியாயமே. செய்யவேண்டிய வேலைகளை முதலில் எழுதி, விலைப்புள்ளியைப் பின்னர் பிரிப்பவர் ஏமாறமாட்டார். அங்கத்தினர் உழைப்பில் சேர்ந்த பணத்திற்கு நாம் செலுத்தவேண்டிய மரியாதை அது.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் கணினியால் நடைபெறும் வேலைகள் யாவை? அவற்றுள் எவை ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன?

2. கூடுதல் ரேமின் விலை 5,000 ரூபாயானால், இரண்டாம் கருவிக்கு ஆகும் மொத்தச் செலவு என்ன? ஐந்தாண்டுக்கு மாதம் எவ்வளவு?

3. உங்கள் கணக்குகளின் நகல் இப்போது எங்கே உள்ளது? கடைசியாக எந்நாளில் எடுக்கப்பட்டது?