மெட்ரோ குழியில் வந்த சுந்தரி மரம்

கேள்வி: மெட்ரோ ரயிலுக்காக எங்கள் தெரு முனையில் பள்ளம் தோண்டியபோது கறுப்பு மண்ணும், கரிக்கட்டை மாதிரி மரத்துண்டுகளும் வந்ததாக என் மாமனார் சொல்வார். "நாம் குடியிருப்பது பழைய சுந்தரவனத்தின் மேல்" என்பார். நிஜமா? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரனோ, மழை பொய்த்துச் சிந்துவெளி நாகரிகமே அழிந்துபோனது என்கிறான். வானிலை ஆபீஸ், ரேஷன் கடை எதுவும் இல்லாத காலத்தில், திடீரென்று பருவம் மாறினால் மனிதர்கள் எப்படித்தான் சமாளித்தார்கள்?

— ஒரு வாசகி, பவானிபூர், கொல்கத்தா

பதில்: உங்கள் மாமனார் கதை விடவில்லை. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை (இன்றைய நேதாஜி பவன் நிலையம்) 1984 அக்டோபர் 24 அன்று ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் மெட்ரோவுக்கு, தெருவையே பிளந்து உள்ளே கட்டிவிட்டு மேலே மூடினார்கள். அவ்வளவு ஆழம் போனால் கொல்கத்தாவில் கறுப்பு மட்கு மண் வரத்தான் செய்யும். 19ஆம் நூற்றாண்டிலேயே சியால்டாவில் குளம் வெட்டியவர்கள் சுமார் 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகளை, நின்ற நிலையிலேயே பார்த்திருக்கிறார்கள். 1835 முதல் 1840 வரை ஃபோர்ட் வில்லியத்தில் 481 அடிக்குத் துளை போட்டபோதும் மட்கிய மரம் வந்தது.

பனியுகம் முடிந்தபின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் ஓய்ந்த காலத்தில், இன்றைய கொல்கத்தாவின் பக்கம் உப்புநீர் ஏறி இறங்கும் சதுப்புக் காடு இருந்தது. பிறகு ஆறுகள் கொட்டிய வண்டல் கடலைத் தெற்கே தள்ளிவிட்டது. அந்தக் கால மனிதர்களின் கல்லாயுதங்கள் கிடைப்பதோ மேற்கே, மேட்டு நிலத்தில். துர்காபூர் அருகே தாமோதர் கரையிலுள்ள பீர்பான்பூரில் பி.பி. லால் 1950களில் தோண்டி எடுத்த நுண்கற்கருவிகள் அப்படிப்பட்டவைதான்.

கடல் மெதுவாக ஏறினால் வேட்டையாடி வாழ்பவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடலாம். நெல்லையும் கோதுமையையும் நம்பிக் குடியமர்ந்தவன் அப்படி நகர முடியாது. உங்கள் பேரன் சொல்வது இவனைப் பற்றி.

சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை சட்டென்று தளர்ந்தது. மேகாலயாவில் சிரபுஞ்சி அருகே மாம்லு குகையில், சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புக் கூம்பு ஒன்றில் அந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. அதை வைத்துத்தான் 2018-இல் புவியியலாளர்கள் நாம் வாழும் காலப்பகுதிக்கே 'மேகாலயன்' என்று பெயர் வைத்தார்கள். ஹரியானாவில் கோட்லா டாஹர் என்ற பழைய ஏரியின் நத்தை ஓடுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது: சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மழைக்குறைவு இருநூறு ஆண்டுகள் நீடித்தது. ஒரு வறட்சியை அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று தாங்கிக்கொள்ளலாம். எட்டுத் தலைமுறை வறட்சிக்கு அந்த நம்பிக்கை உதவாது.

சிந்துவெளிக்காரர்கள் என்றதும் எல்லோரும் தோலாவீராவின் நீர்த்தேக்கங்களைத்தான் காட்டுவார்கள். மான்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளின் வெள்ளத்தைப் பிடித்துக் கல் கட்டிய குளங்களில் தேக்கினார்கள், அருமையான வேலைதான். ஆனால் மழை பெய்தால்தானே ஓடையில் வெள்ளம் வரும்? என் ஓட்டு குளத்துக்கு அல்ல, கொள்ளுக்கு.

ஹரியானாவில் மசூத்பூர்ப் பக்கத்துப் பழைய சிற்றூர்களில் கரிந்துபோன தானியங்களைச் சலித்து எடுத்திருக்கிறார்கள். குளிர்காலப் பயிரான கோதுமை, பார்லியோடு, மழைக்காலப் பயிர்களான நெல், சாமை, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, கொள்ளு எல்லாம் அங்கே இருந்தன. கவனியுங்கள், பெரிய வறட்சிக்கு முன்பே இருந்தன. (அரிசியும் உளுந்தும் ஒரே ஊரில் கிடைத்ததால் இட்லி சிந்துவெளியில் பிறந்தது என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம்.) பஞ்சம் வந்த பிறகு யோசித்துக் கண்டுபிடித்த மாற்று அல்ல இது. வீட்டில் ஏற்கெனவே இருந்த விதையில், எதைக் கூட விதைப்பது, எதைக் குறைப்பது என்ற கணக்குதான் மாறியது. ஹரியானாவின் பிர்ரானாவில் கிடைத்த விலங்கு எலும்புகளையும் பற்களையும் வைத்து ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் 2016-இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: மழை குறையக் குறைய, கோதுமை பார்லியிலிருந்து சிறுதானியத்துக்கும் நெல்லுக்கும் சாய்ந்தார்கள்.

கூடவே இடமும் மாறியது. கி.மு. 1900 வாக்கில் மொகஞ்சதாரோ போன்ற நகரங்கள் காலியாக, கிழக்கே ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசப் பக்கம் சின்னச் சின்ன ஊர்கள் பெருகின. பெரிய நகரத்துக்கு அறுவடையின் உபரி மொத்தமாக வந்து சேர வேண்டும். பத்து வயலில் பத்து விதமாக, கொஞ்சம் கொஞ்சமாக விளைவதைக் கொண்டு பத்துக் குடும்பம் பிழைக்கும், நகரம் பிழைக்காது.

இதை 'அழிவு' என்பதா, 'சமாளிப்பு' என்பதா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. மழை மட்டும்தான் காரணம் என்பதை ஏற்காதவர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். விவசாயியின் பக்கமிருந்து பார்த்தால் அவன் பிழைத்துக்கொண்டான். முத்திரை வெட்டியவன், எடைக்கல் செதுக்கியவன், மெசப்பொத்தேமியாவுக்குச் சரக்கு அனுப்பியவன் கதை வேறு. அந்தத் தொழில்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று, எழுத்தும் வழக்கொழிந்தது. அது என்ன எழுத்து என்று இன்றைக்கும் நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருப்பது அதனால்தான். பிழைத்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இந்த இழப்பை மறைப்பது நியாயமில்லை.

பேரன் தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். லீவு நாளில் அவனை நேதாஜி பவனில் மெட்ரோ ஏற்றி, மூன்றாவது நிலையமான பார்க் ஸ்ட்ரீட்டில் இறக்கி, இந்தியன் மியூசியத்துக்குக் கூட்டிப்போய்ச் சிந்துவெளிப் பொருள்களைக் காட்டுங்கள். 1922-இல் மொகஞ்சதாரோவைத் தோண்டிய ராக்கால்தாஸ் பானர்ஜி அந்த மியூசியத்தில் வேலை பார்த்தவர். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.