துப்பாக்கியைக் கையாளுதல்: அடிப்படைப் பாதுகாப்பு விதிகள்

கம்பத்திலிருந்து மலையேறும் சாலை, கம்பம்மெட்டில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலமலைக்குள் நுழைகிறது. அங்குள்ள ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோருள் பலர், தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் செல்பவர்கள். அப்பகுதியில் காட்டுப்பன்றிகளின் தொல்லையும் உண்டு. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கக் கேரள அரசு 2022 மே மாதத்தில் முடிவு செய்தது. நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் ஆகியவற்றைக் கொண்டு பன்றிகளைக் கொல்லுதல் விலக்கப்பட்டது. எனவே, துப்பாக்கி பற்றிய சரியான அறிவு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாததாகிறது.

1. எந்தத் துப்பாக்கியும் மருந்திடப்பட்டதென்றே கருதுக. நாட்டுத் துப்பாக்கியில், வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த மருந்தும் ஈயக் குண்டும் குழலின் வாய்வழியே இடிக்கப்படுகின்றன. உள்ளே மருந்து உள்ளதா என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. தோட்டாத் துப்பாக்கியையோ திறந்து கண்ணால் காணலாம். பிறர் "காலியாக உள்ளது" என்று கூறினும், கையில் வாங்குபவர் தாமே சோதித்தறிதல் வேண்டும்.

2. குழல்வாயை மனிதர், கால்நடை, வீடு ஆகியவற்றை நோக்கி ஒருபோதும் திருப்பலாகாது. இவ்விதி காக்கப்படின், தற்செயலாக வெடித்தாலும் உயிருக்குக் கேடு நேராது.

3. இலக்கைத் தெளிவாகக் கண்டு, சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. கால் இடறினால் கைவிரல்கள் தாமாகவே இறுகும். ஆதலின் சரிவில் இறங்கும் முன்னும், ஓடையைத் தாண்டும் முன்னும், வண்டியில் ஏறும் முன்னும் தோட்டாவை அகற்றிவிடுக.

4. இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்த பின்னரே சுடுக. ஏலச்செடி மனிதனை மறைக்கும் உயரம் வளரும். மூடுபனியும் சேரின் உருவம் தெரியாது. செடியின் அசைவோ ஓசையோ இலக்காகாது. மனிதரைப் பன்றியென்று கருதிச் சுட்டதால் உயிரிழப்பு நேர்ந்ததும் உண்டு. சிறியதெனக் கருதப்படும் .22 ரகக் குண்டும் சுமார் 1½ கிலோமீட்டர் செல்லக்கூடும். மேட்டு நிலத்தின் மண்சரிவு பின்னணியாக இருப்பின் குண்டு அதில் புதையும். மலைமுகட்டை நோக்கிச் சுட்டாலோ, அப்பாலுள்ள தொழிலாளர் லயத்தில் அது விழலாம். பாறையிலும் நீரிலும் பட்ட குண்டு திசைமாறிப் பாயும்.

5. துப்பாக்கிக்குரிய தோட்டாவையே இடுக. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டமாகும். 20 உருண்டைகள் செய்தால் ஒவ்வொன்றும் சிறிதாகும். எனவே எண் பெருகக் குழல் குறுகும். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் நழுவி அடைத்துக்கொள்ளும். அதன் பின்னர் 12 போர் தோட்டாவையிட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். மண் அடைப்பும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும்.

6. விசையை இழுத்தும் வெடிக்காவிடில் உடனே திறந்து பாராதீர். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். குழலை ஆபத்தற்ற திசையில் வைத்துக் குறைந்தது 1 நிமிடம் பொறுத்திருக்க.

7. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியே பூட்டி வைக்க. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றியமையாதது. அது செல்லும் எல்லை உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். எல்லைச் சாவடியைக் கடக்கும் முன் அதனைப் படித்தறிதல் கடமையாகும்.

துப்பாக்கியோ, தோட்டாவோ, பன்றிக்கென வைக்கப்பட்ட அவுட்டுக்காயோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகிச் சென்று, பெரியவரிடம் உடனே தெரிவிக்குமாறு ஆசிரியர்கள் மாணவர்களைப் பழக்குதல் வேண்டும். பாடத்தில் உண்மைத் தோட்டாவைக் காட்டுதல் கூடாது. கரும்பலகைப் படமே போதும்.

வினாக்கள்: (1) மலைமுகட்டை நோக்கிச் சுடுதல் ஏன் தகாது? (2) 12 போர், 20 போர் இவற்றுள் குழல் அகன்றது எது? (3) வெடிக்காத துப்பாக்கியை உடனே திறப்பதால் நேரும் கேடு யாது?