இமைக்குள் ஒரு பருப்பு

கேள்வி: மேல் இமையின் உட்புறம் துவரம்பருப்பு அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. வலியில்லை. கண்கட்டியா, புற்றுநோயா?

பதில்: வலிக்காமல், மாதக்கணக்கில் கெட்டியாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கலேசியான். இமையில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பியின் வாய் அடைபட்டு வருவது. கண்கட்டி என்றால் சிவந்து வலிக்கும்.

கண் மருத்துவர் உங்களைக் கீழே பார்க்கச் சொல்லி, இமை முடியைப் பிடித்து இமையைப் புரட்டி, ஸ்லிட் லாம்ப்பில் பார்ப்பார். பார்த்ததுமே பெரும்பாலும் தெரிந்துவிடும், ஸ்கேன் எதற்கு? மணல்போல் மஞ்சள் புள்ளிகள் என்றால் சிறு படிவுகள். உறுத்தினால் மட்டும் எடுப்பார்கள். காம்புடன் ரத்தச் சிவப்பாக இருந்து, தொட்டால் ரத்தம் கசிந்தால் பயோஜெனிக் கிரானுலோமாவாக இருக்கலாம்.

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்; நசுக்காதீர்கள். அறுத்தெடுத்த பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தாலோ, அங்கே இமைமுடி உதிர்ந்தாலோ, குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்கள், பயாப்ஸி செய்தே தீரவேண்டும். சுரப்பிப் புற்றுநோய் கலேசியான் வேஷத்தில் வருவதுண்டு.