விற்பனை நின்ற கேம்களின் கடைப்பக்கங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வட்டாகவோ அட்டைப் பெட்டியாகவோ வெளிவராமல் இணையத்தின் வழியே மட்டும் விற்கப்படும் ஒரு வீடியோ கேமைப் பற்றிய விவரங்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பது அதன் கடைப்பக்கத்தில்தான். ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர், நிண்டெண்டோ ஈஷாப் போன்ற இணையக் கடைகள் ஒவ்வொரு கேமுக்கும் ஒதுக்கும் தனிப் பக்கமே கடைப்பக்கம் எனப்படுகிறது. கேமை உருவாக்கியவர், வெளியிட்ட நிறுவனம், வெளியான நாள், விலை, அது ஓடத் தேவையான கணினியின் திறன், அதில் உள்ள மொழிகள், வயதுத் தரம், ஸ்கிரீன்ஷாட்டுகள், டிரெய்லர், வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். விற்பனை நின்றதும் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்துவிட்டதாகவே பரவலாகக் கருதப்படுகிறது. அக்கருத்துக்கு அடிப்படையாக உள்ள நம்பிக்கைகள் ஒன்றுகூட ஆராய்ந்து பார்த்தால் நிலைப்பதில்லை.

நம்பிக்கை: யாரும் விரும்பாத கேம்கள்தான் விற்பனையிலிருந்து நீக்கப்படுகின்றன.

ஒரு கேமை விற்பனையிலிருந்து அகற்றுவதற்குப் பெரும்பாலும் உரிமங்களின் காலாவதியே காரணமாகிறது. கேமில் ஒலிக்கும் பாடல், அதில் ஓடும் காரின் பெயர், திரைப்படத்திலிருந்தோ காமிக்ஸிலிருந்தோ எடுக்கப்பட்ட பாத்திரம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளப் பதிப்பாளர் உரிமம் பெறுகிறார். அந்த ஆண்டுகள் முடிந்த பிறகு கேமை விற்க அவருக்கு உரிமை இருப்பதில்லை. பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் உருவாக்கிய 'ஆலன் வேக்', பாடல் உரிமங்கள் முடிந்ததால் 2017 மே மாதத்தில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு, உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பின் 2018 அக்டோபரில் திரும்பி வந்தது. உலகெங்கும் ஏராளமானோர் ஆடிய 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' கார்ப் பந்தய கேமின் விற்பனை 2024 டிசம்பர் 15 அன்று நின்றதற்கும் உரிமங்களே காரணம். 2010இல் டவுன்லோடாக மட்டும் வெளியான 'ஸ்காட் பில்கிரிம் வெர்சஸ் தி வேர்ல்ட்: தி கேம்' 2014 டிசம்பர் இறுதியில் நீக்கப்பட்டு 2021 ஜனவரியில்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அதை நேர்வழியில் வாங்க எவருக்கும் இயலவில்லை. பழைய வட்டைத் தேடிப் பிடிக்கலாம் என்றால் வட்டும் வெளியாகியிருக்கவில்லை.

இவை விதிவிலக்குகளும் அல்ல. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. ஒரு கலைவடிவத்தின் முதல் சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி சந்தையிலிருந்து மறைந்துவிட்ட நிலையில், அவற்றைச் சூழ்ந்திருந்த எழுத்தும் படமும் வரலாற்றுச் சான்றாக மாறுகின்றன. பிரதி ஏதும் எஞ்சாத 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்தைப் பற்றி இன்று அறிய முடிவது அக்காலப் பத்திரிகைக் குறிப்புகளும் விளம்பரங்களும் தப்பிப் பிழைத்ததால்தான் என்பதை நினைத்தால், விற்பனைக்காக எழுதப்பட்டது என்ற காரணத்தால் கடைப்பக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பது விளங்கும்.

நம்பிக்கை: கடை மூடினாலும் பக்கம் இணையத்தில் எங்கேனும் இருக்கும்.

இந்த நம்பிக்கை தோன்றக் காரணம் ஸ்டீம் கடையின் பழக்கமாக இருக்கக்கூடும். அங்கு விற்பனை நிறுத்தப்பட்ட கேம்கள் பலவற்றின் பக்கம் அப்படியே விடப்பட்டு, பதிப்பாளரின் வேண்டுகோளின்படி இந்த கேம் இனி விற்பனைக்கு இல்லை என்ற அறிவிப்பு மட்டும் மேலே சேர்க்கப்படுகிறது. ஆனால் எல்லாப் பக்கங்களுக்கும் இந்தப் பேறு கிடைப்பதில்லை. சிலவற்றின் முகவரியைத் திறந்தால் கடையின் முகப்புப் பக்கமே தோன்றுகிறது, அங்கு ஒரு கேம் இருந்ததற்கான தடயமும் காணப்படுவதில்லை.

கன்சோல் கடைகளின் நிலை இதனினும் மோசமானது. கன்சோல் என்பது தொலைக்காட்சியுடன் இணைத்தோ கையில் வைத்தோ கேம் ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி. அதன் கடையைப் பெரும்பாலும் அந்தக் கருவிக்குள்ளிருந்துதான் பார்க்க முடியும் என்பதால், இணையத்தில் உலவிப் பக்கங்களைப் படியெடுக்கும் தானியங்கி நிரல்கள் அதற்குள் நுழைய வழியில்லை. 2006இல் தொடங்கிய நிண்டெண்டோவின் வீ ஷாப் சேனல் 2019 ஜனவரி 30 அன்றும், 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் ஈஷாப் விற்பனை 2023 மார்ச் 27 அன்றும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29 அன்றும் முடிவுக்கு வந்தன. முன்பே வாங்கியவர்கள் தங்கள் கேம்களைத் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ள நிறுவனங்கள் இடமளித்தாலும், கடை எப்படி இருந்தது, எந்த கேமை முன்வரிசையில் நிறுத்தியது, என்ன விலைக்கு விற்றது, எந்தச் சொற்களால் அறிமுகப்படுத்தியது என்பன அந்த ஏற்பாட்டில் அடங்கவில்லை. கடை இயங்கிக்கொண்டிருந்தபோது ஆர்வலர்கள் தம் கருவிகளிலிருந்து சேகரித்து வைத்தவை எவையோ அவை மட்டுமே எஞ்சும்.

நம்பிக்கை: வேபேக் மெஷின் எல்லாவற்றையும் சேமித்துவிட்டது.

புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவிய இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, வலைப்பக்கங்களின் பழைய வடிவங்களைப் பொதுமக்கள் பார்ப்பதற்காக 2001இல் திறந்துவைத்த சேவையே வேபேக் மெஷின். அது ஆற்றிவரும் தொண்டுக்கு ஈடாகச் சொல்ல வேறொன்று இல்லை. இருப்பினும் கடைப்பக்கம் என்ற தனி வகைப் பக்கத்தை முழுமையாகப் பிடித்து வைப்பதில் அதற்கு உண்மையான தடைகள் உள்ளன. அவற்றை அறியாமல் அதன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருப்பதே இத்துறையில் மிகப் பெரிய இழப்புக்கு வழிசெய்கிறது.

வன்முறை போன்ற காரணங்களால் வயது வந்தோருக்கென்று வரையறுக்கப்பட்ட கேம்களின் பக்கத்தைத் திறக்கும்போது ஸ்டீம் முதலில் பிறந்த தேதியைக் கேட்கிறது. தானியங்கி நிரல் அந்தக் கேள்விக்கு விடை தராததால், சேமிக்கப்பட்ட பிரதியைப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்கும் ஆய்வாளருக்குக் கேமின் விவரங்களுக்குப் பதில் தேதி கேட்கும் படிவமே கிடைக்கிறது. இதைக் கடந்தாலும், மதிப்புரைகள் பக்கத்துடன் சேர்ந்து வராமல், பார்ப்பவர் கீழே செல்லச் செல்லத் தனித்தனியாகச் சர்வரிலிருந்து வரவழைக்கப்படுகின்றன. டிரெய்லர்களின் கோப்புகள் பெரியவை. ஆகவே பிரதியில் எழுத்து இருக்க மதிப்புரைகளும் காணொளியும் விடுபட்டுப்போவது வழக்கம்.

விலையின் நிலை தனியாகக் கவனிக்கத் தக்கது. ஸ்டீம் பக்கத்தைப் பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து விலை மாறுகிறது. ஒரே கேமுக்கு அமெரிக்காவில் டாலரிலும் இந்தியாவில் ரூபாயிலும் வெவ்வேறு மதிப்பு குறிக்கப்படுகிறது. சேமிக்கும் நிரல் அமெரிக்காவிலிருந்து இயங்கினால் டாலர் விலையே பதிவாகும். இந்திய நகரங்களில் கேம் வாங்கும் பழக்கம் எப்படிப் பரவியது, எந்த விலை இளைஞர்களுக்கு எட்டியது, எது எட்டவில்லை என்று பின்னாளில் ஒருவர் ஆராய முற்பட்டால், இங்கிருந்து எடுக்கப்பட்ட பிரதிகள் இல்லாமல் அவரது ஆய்வு நடவாது.

இவற்றோடு, பக்கம் நீக்கப்படாமலேயே மறைந்துபோகும் வழியும் ஒன்று உண்டு. 2012இல் வெளியான 'கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' கேமுக்குப் பதிலாக வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பரில் 'கவுண்டர்-ஸ்ட்ரைக் 2' கேமை வெளியிட்டபோது, பழைய கேமின் பக்கமே, அதே முகவரியில், அதன் மதிப்புரைகளோடு புதிய கேமுக்கு உரியதாகிவிட்டது. முகவரி உயிரோடு இருப்பதால் எதுவும் போகவில்லை என்று தோன்றும். ஆனால் பதினோராண்டுகள் அங்கே நின்ற விவரணையையும் படங்களையும் பார்க்க வேண்டுமானால் நாளிட்ட பிரதிகளைத்தான் நாட வேண்டும். ஒரு பக்கத்தை ஒரு முறை சேமித்தால் போதும் என்ற எண்ணம் தவறாவது இதனால்தான்.

நம்பிக்கை: கடைப்பக்கங்களைச் சேமிப்பது கேம் திருட்டுக்கு வேறு பெயர்.

கடைப்பக்கத்தைச் சேமிப்பவர் கேமின் கோப்புகளைத் தொடுவதில்லை, எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. பக்கத்தில் உள்ள எழுத்துக்கும் படத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்பது மெய்யே; அவற்றை வைத்து வணிகம் செய்வது வேறு, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி கடையே திறந்து வைத்திருந்த பக்கத்தைச் சான்றாகப் பாதுகாப்பது வேறு. சட்டம் இறுகிக் கிடப்பது கேம்களின் விஷயத்தில்தான். விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தம் இடத்திலிருந்தே பயன்படுத்த நூலகங்கள் வழிசெய்யலாமா என்று கேட்கப்பட்ட விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. கேமையே எட்ட முடியாதவருக்கு அதன் கடைப்பக்கம் இன்னும் இன்றியமையாததாகிறது.

நம்பிக்கை: வாங்கியவர் கையில் கேம் இருக்கும்போது பக்கம் எதற்கு?

யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேம், தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வருடன் இணைந்தால் மட்டுமே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. 2023 டிசம்பர் 14 அன்று அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் அணைக்கப்பட்டன. பின்னர் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமம் திரும்பப் பெறப்பட்டது. விற்ற கேம்களை இப்படி இயங்காமல் செய்வதை எதிர்த்து அதையடுத்துத் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிஃபோர்னியா மாநிலமோ, வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றால் அதைக் கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. பணம் கொடுத்தவரிடம் கடை என்ன சொன்னது, இணைய இணைப்பு கட்டாயம் என்ற குறிப்பு பக்கத்தின் எந்த மூலையில், எந்தச் சொற்களில் இருந்தது என்ற கேள்விகளே இத்தகைய சர்ச்சைகளின் அடிப்படை. விற்ற நாளின் பக்கம் சேமிக்கப்படாவிட்டால், அக்கேள்விகளுக்கு விற்றவர் தரும் விடையைத் தவிர வேறு விடை இருக்காது.

நம்பிக்கை: நிறுவனங்கள் முடிவெடுத்துவிட்டால் எதுவும் செய்ய இயலாது.

பிளேஸ்டேஷன் 3, வீட்டா, பிஎஸ்பி ஆகிய கருவிகளின் கடைகளை மூடுவதாக சோனி 2021 மார்ச்சில் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும், பிஎஸ்பியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டின் கடைகளையும் தொடர்ந்து நடத்துவதாக ஏப்ரலில் முடிவை மாற்றிக்கொண்டது. விற்பனை நிறுத்தத்தைப் பல நேரங்களில் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள் என்பதால் செயல்படக் காலமும் கிடைக்கிறது. வாங்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டுப் பக்கத்தை நிற்கவிடுவது பதிப்பாளருக்குப் பெரிய செலவில்லாத செயல் என்பதை ஸ்டீமில் நிற்கும் பக்கங்களே மெய்ப்பிக்கின்றன. எல்லாக் கடைகளும் அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை, தமக்குப் பிடித்த கேம் விற்பனையிலிருந்து நீங்கப்போகிறது என்ற அறிவிப்பைக் காணும் வாசகர்கள், வயதுக் கேள்வியைக் கடந்து, ரூபாய் விலை தெரியும்படி, மதிப்புரைகள் முழுவதும் விரிந்த பிறகு பக்கத்தைத் தம் கணினியில் நாளிட்டுச் சேமித்துக்கொள்வதோடு, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய வேபேக் மெஷினின் சேமிப்புப் படிவத்திலும் அதன் முகவரியை இட வேண்டும். இவ்விரண்டையும் விற்பனை நிற்கும் நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.