கேபிளா, ஸ்டிக்கா? வாங்கும் முன் கணினியில் சோதித்துப் பாருங்கள்

புதிதாகக் கணினியும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிய பலரும் அடுத்துக் கேட்பது இதுதான்: "நெட்தான் வந்துவிட்டதே, இனி கேபிள் எதற்கு?" ஃபயர் டிவி ஸ்டிக் ஒன்றை டிவியில் செருகினால் போதும் என்கிறார் கடைக்காரர். நெட், சேனல், படம் எல்லாவற்றையும் ஒரே பில்லில் தருகிறோம் என்கிறது பிராட்பேண்ட் நிறுவனம். எதைத் தேர்ந்தெடுப்பது? பணம் கொடுக்கும் முன் உங்கள் கணினியை வைத்தே இதைத் தெரிந்து கொள்ளலாம்.

என்ன வித்தியாசம்?

கேபிளிலும் டி.டி.எச்.சிலும் ஒரே சிக்னல் எல்லா வீடுகளுக்கும் போகிறது. எத்தனை மணி நேரம் பார்த்தாலும் டேட்டா செலவு இல்லை. ஸ்ட்ரீமிங்கில் உங்கள் டிவிக்கென்று தனியாக டேட்டா வருகிறது. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி எச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை செலவாகும். தினமும் 4 மணி நேரம் எச்.டி.யில் பார்த்தால் மாதம் 360 ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி வைத்திருப்பவருக்கு 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது சீரியல் முடியாது!

ஒரு மாதச் சோதனை

கேபிளை நிறுத்தாமல் இதைச் செய்யுங்கள்.

1. ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளால் லேப்டாப்பையும் டிவியையும் இணையுங்கள்.
2. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ.யைத் தேர்வு செய்யுங்கள்.
3. கீபோர்டில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டூப்ளிகேட் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
4. சத்தம் லேப்டாப்பிலேயே கேட்டால், டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகான் மூலம் டிவியைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது வீட்டில் எல்லோரையும் அவரவர் நிகழ்ச்சியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். சன் டிவி சீரியல் சன் நெக்ஸ்ட்டில், விஜய் டிவி ஜியோ ஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-இல் என்று தனித்தனியாக இருக்கும். கேபிளில் ஒரே பில்லில் வந்தவை இவை. எதற்கெல்லாம் சந்தா கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

மாதக் கடைசியில் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், டேட்டா யூசேஜ் என்று செல்லுங்கள். கடந்த 30 நாட்களில் உங்கள் பிரவுசர் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று தெரியும். உங்கள் பிளானின் அளவுக்குள் அது அடங்குகிறதா?

கணக்குப் போடுங்கள்

உதாரணத்துக்கு, ஸ்டிக் 4,800 ரூபாய், இரண்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக் கொள்வோம். மாதம் 200 ரூபாய். இரண்டு ஆப் சந்தா 300 ரூபாய். மொத்தம் 500. உங்கள் கேபிள் பில் 300 ரூபாய் என்றால் மிச்சம் எதுவும் இல்லை, 200 ரூபாய் கூடுதல்தான். ஆனால் டிவியே ஸ்மார்ட் டிவி என்றால் ஸ்டிக் தேவைப்படாது.

ஒரே பில் திட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்ன விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? (499 ரூபாய் பிளான் 589 ஆகிவிடும்.) தருகிற சந்தா டிவியில் ஓடுமா, மொபைலுக்கு மட்டுமா? இணைப்பை நிறுத்தினால் செட்டாப் பாக்ஸைத் திருப்பித் தர வேண்டுமா?

எச்சரிக்கை!

"எல்லா சேனலும் வாழ்நாள் இலவசம்" என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களைத் தொடாதீர்கள். இத்தகைய மலிவான கருவிகள் சிலவற்றில் வைரஸ் மென்பொருள் இருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே வை-ஃபையில்தான் அந்தப் பாக்ஸும் இருக்கும்.

முடிவு என்ன?

பெரியவர்கள் ரிமோட்டில் சேனல் மாற்றியே பார்க்கும் வீட்டிலும், மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டிலும் கேபிளே லாபம். பிராட்பேண்ட் இருந்து, நீங்கள் குறித்த தாளில் ஓரிரு சந்தா மட்டுமே இருந்தால் ஸ்டிக் வாங்கலாம். அந்தச் சந்தாக்கள் எல்லாமே உங்கள் நிறுவனத்தின் திட்டத்தில் இருந்தால் ஒரே பில் நல்லது. ஸ்ட்ரீமிங் எடுத்தால் மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைத்து விடுங்கள். டிவி மட்டும் எரிந்து மோடம் அணைந்தால் படம் வராது.